நாலு சக்கரத்துக்கு ஒரு ஜோடிச் செருப்பு

என் வயதுப் பெண்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் கடைசியில் பேச்சு அந்தக் குச்சு நாட்களுக்குத்தான் வந்து சேர்கிறது. யாருக்கு எத்தனை முட்டை கொடுத்தார்கள், யார் வீட்டு உளுந்தங்களி நல்லெண்ணெயில் மிதந்தது, யாருக்கு மாமன் பட்டுப்பாவாடை கொண்டுவந்தான் என்று ஆளுக்கொன்று சொல்வீர்கள். நான் மட்டும் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவேன். பெருமைக்காரி, நம்மோடு சேர மாட்டாள் என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். பெருமை உண்டுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் எழுந்து போனது அதற்காக இல்லை. நீங்களெல்லாம் பெரியவள் ஆனபோது ஓலைக் குச்சுக்குள் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினீர்கள். நான் ரேஸ் கார் செய்தேன்.

சிரியுங்கள். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து என்னுடையது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகிறது. நீங்கள் சிரித்து முடிக்கும்வரை நான் காத்திருக்கலாம்.

காரிமங்கலம் சந்தைக்கு நடந்து போய் நடந்து திரும்பும் தூரத்தில் எங்கள் ஊர். நாற்பது வீடு, ஒரு மாதா கோயில். கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரிய சரிவுப் பாறை. மேலே தட்டையாக இருக்கும் இடத்தில் கேழ்வரகு அடிப்பார்கள். அங்கிருந்து பாறை, படுத்த யானையின் முதுகு மாதிரி சரிந்துகொண்டு கீழே போய் ஒரு குட்டையில் முடியும். குட்டை ஓரம் துணி துவைக்கிற கல். ஊர்த்துணி முழுவதும் அங்கேதான் வெளுக்கும்.

அந்தப் பாறைமேல்தான் பையன்கள் கார் விடுவார்கள். முன்பெல்லாம் பால் டின்னில் சக்கரம் மாட்டிக் கயிறு கட்டி இழுத்துத் திரிந்தவர்கள்தான். அதை மாற்றியது என் மாமா. பெங்களூர் லைனில் லாரி ஓட்டினார். ஒருமுறை பேரீச்சம்பழம் வாங்கி இங்கிலீஷ் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பேப்பரில் ஒரு படம். மூக்கு நீண்ட கார். கூரை கிடையாது. சக்கரம் நாலும் உடம்பை விட்டு வெளியே தவளைக்கால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. "இதுதான் ரேஸ் காரு. மெட்ராஸ் பக்கம் விடறானுங்க. கண்ணு மூடித் தெறந்தா ஆளக் காணோம்" என்றார் மாமா. பழம் ஒரு நாளில் தீர்ந்துபோனது. படம் ஊரில் ஒரு வருஷம் சுற்றியது.

அதன்பிறகு பாறைக்கு ஒரு சட்டம் வந்தது. காரைத் தள்ளக் கூடாது. முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தி, கல்லை மட்டும் எடுக்க வேண்டும். தானாக ஓடி எது தூரமாகப் போகிறதோ அதுதான் ஜெயம். பாதிப் பாறையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டின கார் அப்போது ஊரில் இல்லை. பாதிக்கு முன்பே புரண்டுவிடும், இல்லையென்றால் கோணிக்கொண்டு ஓரத்தில் இறங்கிவிடும்.

பெண்பிள்ளைகளுக்குப் பாறையில் இடமில்லை. வேடிக்கை பார்க்கலாம், அதுவும் சிறு வயது வரைக்கும். எனக்கு அம்மா இல்லை. நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். அப்பா காலையில் மாட்டோடு போய் மாட்டோடு திரும்புகிறவர், இரண்டுக்கும் நடுவே அவர் பேசினதைவிட மாடு கத்தினது அதிகம். வீட்டை நடத்தினது பெரியம்மா. என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் பள்ளிக்கூடம் போனான். பேசுவதற்கு அவனுக்கு ஊர் முழுக்க ஆள் இருந்தது. எனக்குத் தகரம் இருந்தது.

ஆமாம், அண்ணனின் கார்களை நான்தான் செய்தேன். அவன் கைக்கு ஆணியே நேராக இறங்காது. அவன் முதலில் செய்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிடுங்கிச் சரி செய்து கொடுத்தேன், அப்படியே என் தலையில் வந்து விழுந்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தை முனை மழுங்கின கத்தரியால் வெட்டி, அம்மிக்குழவியை உருட்டி வளைத்து, மூக்கு செய்வேன். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி அச்சு. பழைய மாட்டு லாடம் ஒன்றை வயிற்றில் வைத்துக் கட்டினால் கனம். லாடத்தைப் பின்னால் கட்டினால் மூக்கு தூக்கும். முன்னால் கட்டினால் சின்னக் குழியிலும் தலைகுப்புற விழும். எந்த இடத்தில் கட்டினால் கார் பாறையை விடாமல் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் போனது.

அச்சுக்கு எல்லோரும் விளக்கெண்ணெய் விடுவார்கள். நானும் விட்டேன். வீட்டு முற்றத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும், பாறையில் நாலாவது ஓட்டத்தில் முக்கும். கழற்றிப் பார்த்தால் எண்ணெயில் தூசி ஒட்டிக் களி மாதிரி இருக்கும். ஒருநாள் தீர்ந்துபோன டார்ச் பேட்டரிக் கட்டையை உடைத்து, நடுவில் இருக்கிற கரிக்குச்சியை எடுத்துக் கல்லில் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் இரண்டும் மெழுகு போட்ட மாதிரி வழுக்கியது. அந்தக் கரித்தூளை அச்சில் போட்டேன். தூசியே ஒட்டவில்லை. சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினால், உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றிக்கொண்டிருப்பது போல இருந்தது. இதை நான் யாரிடம் சொல்ல? அண்ணனிடம் சொன்னேன். "சரி, சரி, போடு" என்றான்.

பாறையிலிருந்து அவன் திரும்பி வரும்போது வாசலிலேயே நிற்பேன்.

"எப்படி ஓடுச்சுண்ணா?"

"ஓடுச்சு."

"கோணுச்சா? குதிச்சுதா?"

"ஓடுச்சுன்னா ஓடுச்சு. சோத்தப் போடு."

அவ்வளவுதான். கார் யார் செய்தது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை. பொம்பளப்பிள்ளை செய்தது என்று தெரிந்தால் அவனைக் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள் என்று எனக்கே தோன்றியது. அவன் மேலே ஏறி நின்று கல்லை எடுப்பான். நான் அடுப்படியில் இருந்துகொண்டு சத்தத்தை மட்டும் கேட்பேன். தகரச் சக்கரம் பாறையில் கடகடவென்று போகும். அது நிற்கும்வரை மூச்சைப் பிடித்து எண்ணுவேன். பதினொன்றுக்கு மேல் எண்ணினதில்லை.

குறை சக்கரத்தில் இருந்தது. தகரம் பக்கவாட்டில் சறுக்கியது. நூல்கண்டுக் கட்டையை அறுத்துப் போட்டேன், அது குதித்தது. லாரி டயர்ச் செருப்பிலிருந்து வெட்டினது பாறாங்கல் கனம். மெத்தென்று, இலேசாக, பாறையைக் கவ்வுகிற ரப்பர் ஒன்று வேண்டும். அப்படி ஒன்று அந்த ஊரில் இல்லை.

குருத்து ஞாயிறு முடிந்து மறுநாள் நான் பெரியவள் ஆனேன்.

எங்கள் ஊரில் ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்றிக் குச்சைப் பிரிப்பது வழக்கம். ஆனால் அது தவக்காலத்தின் கடைசி வாரம். சாமி பாடுபட்டுச் செத்த வாரத்தில் மேளம் கொட்டிச் சடங்கு வைக்க முடியுமா? உயிர்ப்புத் திருவிழா முடிந்து, அடுத்த வாரமும் போய், அதற்கப்புறம் வருகிற புதன்கிழமைதான் என்று பெரியம்மா முடிவு செய்துவிட்டாள். ஆக எனக்குப் பதினாறு நாள். ஊரில் அத்தனை நாள் உள்ளே இருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வழக்கப்படி மாமாதான் வந்து குச்சு கட்டினார். கிணற்றுமேட்டுக்கு அப்பால், பச்சைத் தென்னங்கீற்று. உள்ளே ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு லோட்டா. காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க முனை ஒடிந்த அரிவாள் ஒன்று, வாசலில் ஒரு லாடம், அதோடு ஒரு ஜெபமாலை. எதிலும் குறை வைக்கக் கூடாதல்லவா. குச்சுக்குள் போன எதுவும் திரும்ப வீட்டுக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஓலை நெருப்புக்கு. பாய், தட்டு, துணிமணி எல்லாம் வெளுக்கிறவர்களுக்கு.

மாமாவுக்கு இதெல்லாம் நினைவில் இல்லை. லாரியில் திரிகிற ஆள். கட்டி முடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து ஓலைக்கு மேலாக உள்ளே வீசினார். மேலே வெள்ளை, அடியில் நீலம், நீல வார். டயர்ச் செருப்பை விட்டால், எங்கள் ஊருக்கு வந்த முதல் ரப்பர் செருப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

"பாப்பாவுக்குக் காலு சுடுமுல்ல. போட்டுக்கட்டும்."

பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏனுங்க தம்பி, உள்ள போட்டுட்டீங்களே! இனி அது வூடு வந்து சேருமா? வெளுக்கிறவளுக்குக் குடுக்கறதுக்கா பெங்களூர்ல இருந்து தூக்கியாந்தீங்க?"

"அட, போனாப் போவுதுங்கக்கா. யாரு காலா இருந்தா என்ன, காலுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். மாற்றுத்துணி மூட்டையோடு அங்கே நின்றிருந்த ஒருத்தி மட்டும் சிரிக்காமல் குச்சையே பார்த்தாள். துணி வெளுக்கும் அக்காவின் மகள். என் வயதுதான், என்னைவிட ஒரு விரற்கடை உயரம்.

அந்தப் பதினாறு நாளும் என் முகத்துக்கு நேராக வந்து நின்ற முகம் அவளுடையது ஒன்றுதான். மற்றவர்கள் தட்டைத் தூரத்தில் வைத்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். அவள்தான் காலையில் வெளுத்த துணியைக் கொண்டுவந்து கொடுத்து, பழையதை எடுத்துப் போவாள்.

"மாத்துங்க பாப்பா."

"வச்சிட்டுப் போ."

இதற்குமேல் நான் பேசினதில்லை. தீட்டோடு கிடக்கிற என்னைத் தொடுகிறவள் அவள் ஒருத்திதான் என்பதே எனக்கு அவமானமாக இருந்தது. அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். அவள் போகும்போது தினமும் ஒரு காரியம் செய்வாள். குச்சு வாசலில் கிடக்கும் செருப்பை ஜோடி சேர்த்து வைப்பாள். ஒருநாள் மேலே படிந்த மண்ணைத் தன் பாவாடை நுனியால் துடைத்ததையும் பார்த்தேன். வேலைக்காரி புத்தி என்று நினைத்தேன். தனக்கு வரப்போகிற பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று புரிய எனக்கு எத்தனையோ வருஷம் ஆனது.

புனித வெள்ளி அன்று கோயில் மணி அடிக்கவில்லை. மரக்கட்டையைத் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. ஊரே கோயிலில். என்னைக் குச்சில் வைத்த அன்று மடியில் முடிந்து கொண்டுவந்த இரண்டு ஸ்போக்ஸ் கம்பியும் ஒரு கரிக்குச்சியும் என்னிடம் இருந்தன. ஓலைச் சந்தில் செருகி வைத்திருந்தேன். வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெயிலில் அந்த ரப்பர் வெள்ளையாக மின்னியது. எடுத்து அமுக்கிப் பார்த்தேன். மெத்தென்று போய், திரும்ப எழுந்தது.

எப்படியும் அது எனக்கு இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் யாருக்கோ போகப்போகிறது. பிறகு அதில் என்ன இருக்கிறது? அவ்வளவுதான் யோசித்தேன். அந்த 'யாருக்கோ' என்பதற்கு ஒரு முகம் உண்டு, அது தினமும் காலையில் வருகிறது என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. இதை எழுதும்போது கை நிற்கிறது.

லோட்டாவைக் கவிழ்த்து வட்டம் அழுத்தினேன். குதிகாலில் ஒன்று, முன்பாதத்தில் ஒன்று, இரண்டு செருப்புக்கும் நாலு. காவலுக்கு வைத்த அரிவாளாலேயே வெட்டினேன். கம்பியில் கோத்துக் கல்லின்மேல் உருட்டி உருட்டித் தேய்த்து, எங்கும் கோணல் இல்லாமல் வட்டத்தை எடுத்தேன். உடம்புக்குத் தென்னை மட்டையின் அடித்துண்டு. அது பிறவியிலேயே ரேஸ் கார் மாதிரி மூக்கு நீண்டிருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? சாயங்காலம் கொசுவுக்குப் புகைபோட வைத்த நெருப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, மட்டையில் துளை போட்டேன். கருகின துளை வழவழவென்று இருந்தது. அதற்குள் கரித்தூள். வாசலில் இருந்த லாடத்தை எடுத்து வயிற்றில் வைத்து நாரால் கட்டினேன். அன்றிலிருந்து வாசலில் பேயைத் தடுக்க ஜெபமாலை மட்டும்தான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் லாடம் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

வாழ்நாளில் நான் செய்ததில் அதுதான் நல்ல கார். தரையில் வைத்து ஒரு விரலால் தொட்டால் சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

ஓட்டை விழுந்த செருப்பைப் பாய்க்கு அடியில் வைத்துவிட்டேன். மறுநாள் அவள் வந்தபோது வாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் அவள் இல்லை.

கடைசி நாள் விடியும்போது, ஞாயிற்றுக்கிழமைக்குக் கார் இல்லையே என்று அண்ணன் குச்சுக்குப் பின்னால் வந்து நின்றான். ஆம்பிளை வரக்கூடாதுதான். நான் ஓலையை விலக்கிக் காரை வெளியே தள்ளினேன்.

"ஏய், இதென்னாடி இது! சக்கரம் எங்க புடிச்ச?"

"எங்கியோ புடிச்சேன். குச்சுல இருந்து வந்ததுன்னு வாயத் தெறந்துறாத. பெரிம்மா உன்னையும் குளிப்பாட்டி, காரையும் நெருப்புல போட்டுருவா."

தண்ணீர் ஊற்றினார்கள். பெண்கள் எல்லாம் கூடி நின்றார்கள். வெளுக்கும் அக்கா குச்சுக்குள் போய்ப் பாயை எடுத்து உதறினாள். இரண்டு செருப்பும் எல்லோர் நடுவிலும் வந்து விழுந்தன, வட்ட வட்டமாக நாலு ஓட்டையோடு.

பெண்கள் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். பிறகு பெரியம்மாதான் ஆரம்பித்தாள்.

"அடி ஆத்தி! பாத்தீங்களாடி இவள? தன் பொருளு அடுத்தவ காலுக்குப் போவக் கூடாதுன்னு ஓட்ட போட்டு வெச்சிருக்கா! நான் என்னமோ ஊமைன்னு நெனச்சேன். கெட்டிக்காரி! இவ குடும்பம் பண்ணிக்குவாடி, பயமில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். வெளுக்கும் அக்காகூட, "பாப்பா வெவரமுங்க" என்று சிரித்தாள். சிரிக்காமல் அவள் என்ன செய்ய முடியும்? அவள் மகள் குனிந்து செருப்பை எடுத்தாள். ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் கார் போகும், அண்ணனுக்கு அடி விழும், அது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. அந்த வீட்டில் பெரியம்மா வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை 'கெட்டிக்காரி'. பதினாறு நாள் தனியாகக் கிடந்து வந்தவள் நான், என்னைச் சுற்றி அத்தனை பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாறையில் கார் விட்டார்கள். நான் இனிமேல் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. அடுப்படியில் இருந்துகொண்டு காதைத் தீட்டினேன். மற்றக் கார்கள் கடகடவென்று போய் நின்றன. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ரப்பருக்குச் சத்தம் இல்லை என்பதை நான் மறந்துபோயிருந்தேன். எண்ணுவதற்கு எனக்கு எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையன்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டார்கள். கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

அண்ணன் ஓடி வந்தான். கையில் கார் இல்லை.

"கோட்டத் தாண்டிருச்சு! கோட்டத் தாண்டி, கீழ குட்டை வரைக்கும் போயிருச்சு! அந்த வெளுக்கிறவ மவ எடுத்துக்கிட்டுக் குடுக்க மாட்டேங்கறா. தூக்கிட்டு ஓடிட்டா, திருட்டுக் கழுதை!"

பெரியம்மா விடுவாளா? தெருவில் நின்று கத்தின கத்தில் ஊரே வெளியே வந்தது. அப்பா மாட்டைக் கட்டிக்கொண்டே, "விடுங்கண்ணி, வெளையாட்டுச் சாமான்தானே" என்றார். யார் கேட்டார்கள்? மத்தியானம் வெளுக்கும் அக்கா காரை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மன்னிச்சுருங்கம்மா. வெளக்கமாறு பிய்யிற மட்டும் அடிச்சுட்டேன். சக்கரம் எங்கன்னு மட்டும் வாயே தெறக்க மாட்டேங்கறா."

தென்னை மட்டையும் கம்பியும் லாடமும் அப்படியே இருந்தன. சக்கரம் நாலும் இல்லை.

"திருடறதும் திருடி, சக்கரத்த வேற முழுங்கிட்டாளா?" என்றாள் பெரியம்மா. "இன்னியோட அவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. சோறெடுக்க வர்றதா இருந்தா நீ வா."

நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

ஆனால் அன்று சாயங்காலம் அவள்தான் வந்தாள். அடி வாங்கின கோபத்தில் அம்மாவிடம் சொல்லாமலே வந்தாளோ என்னவோ. தினமும் வீடு வீடாகச் சோறு எடுப்பது அவர்களுக்குள்ள உரிமை. பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கொல்லைப் பக்கம் குண்டானோடு நின்றாள். களி உருண்டையும் சட்டியில் குழம்பும் எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். கை வீங்கியிருந்தது அவளுக்கு.

"சக்கரம் எங்கடி?" என்றேன். வேண்டுமென்றே குரலைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

அவள் வேலிப்பக்கம் போய், ஓரமாக விட்டிருந்ததைக் கையில் எடுத்துவந்து காட்டினாள். செருப்பு. நாலு ஓட்டையிலும் நாலு வட்டத்தைத் திரும்பப் பொருத்திக் கறுப்பு நூலால் சுற்றித் தைத்திருந்தாள். நான் தேய்த்ததிலும் பாறையில் ஓடினதிலும் வட்டம் சிறுத்துப் போயிருந்தது. இடைவெளியில் ரோட்டுத் தாரை உருக்கி அடைத்திருந்தாள்.

"ரெண்டு நிக்குதுங்க. ரெண்டு கழண்டு கழண்டு வருது" என்றாள்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. "உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு நான் வெட்டல" என்றேன்.

"தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"காரு என் காலுகிட்ட வந்துதான் நின்னுச்சுங்க. கையில எடுத்தேன். வட்டம் ஒரு எடத்துலகூடக் கோணல. உங்கண்ணங் கையி அப்படி வராதுங்களே. பதனாறு நாளு உள்ள நீங்க இதத்தான் பண்ணிட்டிருந்தீங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க."

என் வாழ்நாளில் என் வேலையைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்து, இது உன் கை என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்தில் நான் கேட்டது வேறு.

"எப்படி ஓடுச்சு?"

அவள் குண்டானைக் கீழே வைத்தாள். வீங்கின கையை நீட்டிக் காட்டிச் சொன்னாள். "மேல கல்ல எடுத்தாங்க. மொதல்ல நவுரவே இல்லீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் பூனை நடக்கற மாதிரி மெதுவா வந்துச்சு. நடுப்பாறைல பள்ளம் இருக்குதுங்களே, அங்கதான் எல்லாம் உழுவும். இது மூக்க ஒரு தடவ ஆட்டுச்சு, உழுவல. அதுக்கப்பறம் அப்பா, என்னா வேகம்! கோட்டத் தாண்டறப்ப நேரா இருந்துச்சுங்க, நூல் புடிச்ச மாதிரி. சத்தமே இல்ல. எங்கம்மா துணி அடிக்கறத நிறுத்திட்டுப் பாத்துச்சுங்க."

நான் அத்தனையும் கண்ணால் பார்த்தேன். அண்ணன் இரண்டு வருஷமாகச் சொல்லாததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இன்னும் கேட்டிருப்பேன். பள்ளத்தில் எந்தப் பக்கம் ஆடியது, நின்றபோது சக்கரம் சூடாக இருந்ததா என்று. பொழுது போவது தெரியாமல் பேசிக்கொண்டிருக்கலாம் போல இருந்தது. அந்த ஊரில் எனக்கு அப்படி யாரும் இருந்ததில்லை.

அவள் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குண்டானை எடுத்தாள். எங்கள் தெருவில் அவர்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாது, கடைசி வீடு தாண்டித்தான் போட வேண்டும்.

"நல்ல காருதானுங்க" என்றாள். "ஆனா, காருக்குக் காலு சுடுங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் களியைக் குண்டானில் வைத்தேன். குழம்பை ஊற்றினேன்.

"நான் திருடலன்னு உங்க பெரிம்மாகிட்டச் சொல்றீங்களா? அந்தச் சக்கரம் எனக்குண்டானதுதானுங்களே. உங்களுக்குத் தெரியுமில்ல."

"சொல்றேன்" என்றேன்.

"நாளைக்கு?"

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் காலையில் பெரியம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். அதுவரை அவள் என் தலையைத் தொட்டதில்லை. சடங்குக்கு வந்து தங்கிவிட்ட யாரோ ஒருத்தியிடம், "எங்க பாப்பா வெவரமானவ, ஒரு பொருள வுட மாட்டா" என்று சொல்லிக்கொண்டே பின்னினாள். நான் சீப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் சொல்லலாம் என்று நினைத்தேன். மத்தியானம் ஆனதும், சாயங்காலம் அப்பா இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் சோறு எடுக்க அவள் அம்மா வந்தாள். அதற்கு மறுநாளும் அவள் அம்மாதான். மூன்றாம் நாள் கேட்டேன், "எங்க உங்க மவ?" என்று.

"வரமாட்டேங்கறா பாப்பா. உங்க வூட்டுக்கு மட்டும் போவ மாட்டேங்கறா" என்றாள் அவள், குண்டானை நீட்டியபடி.

பெரியம்மா போய் நாற்பது வருஷம் ஆகிறது. அண்ணனும் இல்லை. வெளுக்கும் அக்கா குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள், அந்த ஊரில் பிறந்தவர்கள், அன்று தெருவில் நின்று கேட்டவர்கள். உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அவள் திருடவில்லை.